வகுப்பறையும் கைத்தொலைபேசியும்: நியூயோர்க் நகரப் பாடசாலைகளின் அனுபவத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வகுப்பறையுட் கைத்தொலைபேசி புகுந்த வரலாறு பெரும்பாலும் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு கிளையாகவே எழுதப்பட்டு வருகின்றது. கருவி சிறுத்தது, விலை குறைந்தது, மாணவர் கைக்கு வந்தது, ஆசிரியர் திகைத்தார் என்பதாக அக்கதை அமையும். இவ்வாறு நோக்குமிடத்து அடிப்படையான வினாவொன்று மறைந்துபோகின்றது. பாடசாலை நேரத்திற் பிள்ளையின்மீது அதிகாரம் உடையவர் யார்? ஆசிரியரா, அரசா, பெற்றாரா? கருவி தடைசெய்யப்பட்ட காலத்திலும், தடை நீக்கப்பட்ட காலத்திலும், மீண்டும் விதிக்கப்பட்ட காலத்திலும் உண்மையில் விவாதிக்கப்பட்டது இவ்வினாவேயாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய பொதுப் பாடசாலைத் தொகுதியைக் கொண்ட நியூயோர்க் நகரின் அனுபவம் இதனை வேறெந்த நகரின் அனுபவத்தைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துகின்றது. பதினொரு இலட்சம் அளவான மாணவரை அக்காலத்திற் கொண்டிருந்த அந்நகரிற் கைத்தொலைபேசி ஒரு தலைமுறைக் காலமாக வழக்குமன்றத்திலும், நகர சபையிலும், தேர்தல் மேடையிலும் பேசப்பட்ட பொருளாயிற்று.

கைத்தொலைபேசிக்கு முன்னரும் ஆசிரியர் புதுக் கருவிகளை எதிர்கொண்டனர் என்பது உண்மையே. அவற்றுட் கணிகருவியின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. 1972ஆம் ஆண்டில் ஹியூலற் பக்காட் நிறுவனம் கையடக்கமான விஞ்ஞானக் கணிகருவியைச் சந்தைக்கு விட்டது. சில ஆண்டுகளுக்குள் இத்தகைய கருவிகளின் விலை பெரிதும் வீழ்ச்சியுற, அவை மாணவர் புத்தகப் பைகளுள் இடம்பெறலாயின. மனக்கணிதம் அழிந்துவிடும் என அஞ்சிய ஆசிரியரும், இயந்திரம் செய்யத்தக்க வேலையைப் பிள்ளையைக் கொண்டு செய்விப்பது வீண் என வாதித்த ஆசிரியரும் தம்முள் நெடுங்காலம் விவாதித்தனர். 1980இல் அமெரிக்கக் கணித ஆசிரியரின் தேசிய மன்றம் எல்லா வகுப்புகளிலும் கணிகருவியைப் பயன்படுத்துமாறு பரிந்துரை செய்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சை 1994இல் அதனை ஏற்றுக்கொண்டது. இங்குக் கவனிக்கவேண்டியது யாதெனில், இவ்விவாதம் தொடக்கமுதல் இறுதிவரை பெரிதும் ஆசிரியத் தொழிலின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது என்பதாகும். கணிகருவி கற்றலுக்கு உதவுமா, ஊறு செய்யுமா என்பதே வினாவாக இருந்தது. பொலிசார் அதனுள் வரவில்லை.

கைத்தொலைபேசியோ பொலிசாரின் ஐயத்தோடேயே பாடசாலை வாயிலை அடைந்தது. அதற்கு முன்னோடியாக வந்தது இடுப்பிற் செருகப்படும் அழைப்புக் கருவியாகிய 'பேஜர்'. 1980களில் அமெரிக்க நகரங்களில் இக்கருவியை வைத்திருந்தோர் இரு வகையினர் என்பது பொதுசனக் கருத்தாக இருந்தது: ஒருவர் மருத்துவர், மற்றையவர் போதைப்பொருள் விற்போர். பள்ளி மாணவன் மருத்துவனாக இருத்தல் இயலாது. ஆதலின் அவன் மற்றைய வகையைச் சார்ந்தவன் எனச் சட்டமியற்றுவோர் எளிதாக முடிவுசெய்தனர். மேரிலாந்து, நியூஜேர்சி முதலிய மாநிலங்கள் 1980களின் இறுதியில் மாணவர் இத்தகைய கருவிகளைப் பாடசாலை வளவினுட் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டங்களை ஆக்கின. நியூஜேர்சியில் அது குற்றவியற் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்றது. பாடம் குழம்புகின்றது என்பது அன்று முதன்மைக் காரணமாகக் கூறப்படவில்லை. கருவி தடுக்கப்பட்டமைக்குக் காரணம் அதனை வைத்திருப்பவன் யாவன் என்பது பற்றிய அச்சமேயன்றி, அது வகுப்பறையில் என்ன செய்கின்றது என்பது பற்றிய ஆய்வன்று.

இச்சட்டங்களைத் தளர்த்தியதும் மற்றோர் அச்சமேயாகும். 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பாடசாலையில் மாணவர் இருவர் பன்னிரு மாணவரையும் ஆசிரியர் ஒருவரையும் சுட்டுக் கொன்றனர். உள்ளே சிக்குண்ட மாணவர் சிலர் கைத்தொலைபேசி வாயிலாக வெளியுலகுடன் பேசினர் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2001ஆம் ஆண்டு செத்தெம்பர் 11ஆம் நாள் நியூயோர்க்கிலேயே உலக வர்த்தக நிலையம் தகர்க்கப்பட்டபொழுது, தம் பிள்ளைகள் எங்கே உள்ளனர் என அறியாது தவித்த பெற்றார் பல்லாயிரவர். அதன்பின் ஒரு பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசி இருப்பது ஆடம்பரம் என்றோ குற்றம் என்றோ கூறுவது கடினமாயிற்று. 2000களின் தொடக்கத்தில் மேரிலாந்து உட்படப் பல மாநிலங்கள் தம் பழைய தடைகளை நீக்கவோ தளர்த்தவோ செய்தன.

இவ்விடைக்காலத்திலேதான் ஆசிரியரின் உண்மையான இடர்ப்பாடு தொடங்கிற்று. 1992ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தில் முதன்முதல் அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி, பத்து ஆண்டுகளுக்குள் மாணவரின் இரகசிய அஞ்சலாக மாறியிருந்தது. முன்னர் வகுப்பறையிற் கைமாறிய காகிதத் துண்டை ஆசிரியர் கண்ணாற் காணலாம். இதனைக் காண இயலாது. மேசையின் கீழ்க் கையை வைத்துக்கொண்டு, திரையைப் பாராமலே விரலாற் செய்தி எழுதும் திறமை மாணவரிடம் வளர்ந்தது. 2006ஆம் ஆண்டில் இதனினும் விநோதமான ஒன்று நிகழ்ந்தது. வேல்சு நாட்டிற் கடை வாயில்களிற் கூடி நிற்கும் இளைஞரைக் கலைப்பதற்கென, இளவயதினர் செவிக்கு மட்டுமே கேட்கும் மிகை அதிர்வெண் ஒலியை எழுப்பும் கருவியொன்று முந்திய ஆண்டில் உருவாக்கப்பட்டிருந்தது. அதற்கு 'நுளம்பு' எனப் பெயர். வயது ஏற ஏற மனிதச் செவி உயர் அதிர்வெண்களை இழந்துவிடுகின்றது என்பதே அதன் அடிப்படை. மாணவர் அவ்வொலியையே தம் கைத்தொலைபேசியின் அழைப்பொலியாக மாற்றிக்கொண்டனர். வகுப்பு முழுவதற்கும் கேட்கும் அழைப்பு ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் கேளாது போயிற்று. தம்மை விரட்ட ஆக்கப்பட்ட ஒலியைக் கொண்டே தம்மைக் கண்காணிப்போரை ஏமாற்றிய அம்மாணவரின் கூர்மையை வியவாதிருத்தல் அரிது.

பரீட்சை மண்டபத்தில் விளைவுகள் இவ்வளவு வேடிக்கையாக இருக்கவில்லை. தென்கொரியாவில் 2004ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையிற் குவாங்சூ நகர மாணவர் கைத்தொலைபேசி வாயிலாக விடைகளைப் பரிமாறிக்கொண்டமை அம்பலமாகி, நாடெங்கும் விசாரணைகள் நடந்தன. ஒரேயொரு பரீட்சையே வாழ்வை நிருணயிக்கும் நாடொன்றில் இது எத்தகைய கொந்தளிப்பை உண்டாக்கியிருக்கும் என்பதை இலங்கை மாணவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே நியூயோர்க் நகரின் நடவடிக்கையை நோக்குதல் வேண்டும். அழைப்புக் கருவிகளையும் தொலைபேசிகளையும் தடுக்கும் விதி அந்நகரப் பாடசாலைகளில் ஏற்கெனவே இருந்தது. ஆயின் அது ஏட்டளவிலேயே இருந்தது. பல அதிபர்கள், 'கண்ணிற் படாதவரை கேள்வியில்லை' என்ற எழுதா விதியைக் கைக்கொண்டு வந்தனர். 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் மாநகர முதல்வர் மைக்கல் புளூம்பேர்க்கின் நிருவாகம் பாடசாலைகளில் முன்னறிவித்தலின்றி உலோகச் சோதனைக் கருவிகளை நிறுவித் தேடுதல் நடத்தத் தொடங்கியது. ஆயுதங்களைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. அகப்பட்டவற்றுட் பெரும்பான்மையானவை கைத்தொலைபேசிகளாகவே இருந்தன. அந்நகரின் பாடசாலைப் பாதுகாப்புச் சேவை 1998இலேயே பொலிசுத் திணைக்களத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஆசிரியர் வகுப்பறையிற் செய்யவேண்டிய ஒழுங்குபடுத்தல், அவரை அறியாமலே, வாயிலில் நின்ற சீருடையாளர் கைக்கு மாறிவிட்டது.

பெற்றார் கொதித்தெழுந்தனர். நிலக்கீழ் இரயிலில் ஒரு மணி நேரம் பயணஞ்செய்து மற்றொரு பகுதியிலுள்ள பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையுடன் தொடர்புகொள்ளும் உரிமை தமக்கு உண்டு என அவர்கள் வாதித்தனர். பெற்றார் சிலர் தொடுத்த வழக்கு 2007இல் முதல் மன்றிலும் 2008இல் மேன்முறையீட்டு மன்றிலும் தோல்வியுற்றது. மேன்முறையீட்டுத் தீர்ப்பிற் காணப்படும் தருக்கம் சிந்திக்கத்தக்கது. பயன்படுத்துவதை மட்டும் தடுத்து, வைத்திருப்பதை அனுமதித்தாலென்ன என்பதே பெற்றாரின் கேள்வி. குறுஞ்செய்தி மறைவாகவே அனுப்பப்படுகின்றமையின் பயன்பாட்டுத் தடையை நடைமுறைப்படுத்துவது எளிதன்று என்றும், அதற்கென ஆசிரியர் மாணவருடன் மல்லுக்கு நிற்கும் நேரம் கற்பித்தலிலிருந்து கழிகின்ற நேரமாகும் என்றும் மன்று கருதியது. ஆசிரியரின் நேரம் இவ்வாறு நீதிமன்றத்தில் மதிப்பளிக்கப்பட்டமை மகிழ்தற்குரியதே. எனினும் அந்நேரத்தைக் காப்பதற்கு ஒரே வழி வாயிலிற் பறிமுதல் செய்வதுதான் என்ற முடிவு ஆசிரியரைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று. நகர சபை 2007இல், மாணவர் பாடசாலைக்கு வரும்பொழுதும் மீளும்பொழுதும் கைத்தொலைபேசி வைத்திருக்கலாம் எனச் சட்டமொன்றை முதல்வரின் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது. வந்த பின் அதனை எங்கே வைப்பது என்பதற்கு அச்சட்டம் வழி காட்டாமையால் நடைமுறையில் எதுவும் மாறவில்லை.

அந்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பியது. உலோகச் சோதனைக் கருவிகள் நிரந்தரமாக நிறுவப்பட்ட பாடசாலைகளின் அருகே காலையில் வண்டிகள் வந்து நின்றன. மாணவர் வரிசையில் நின்று கைத்தொலைபேசியைக் கொடுத்து, இலக்கச் சீட்டொன்றைப் பெற்று, மாலையில் அதனை மீட்டுச் சென்றனர். கட்டணம் நாளொன்றுக்கு ஒரு டொலர். அருகிருந்த சில்லறைக் கடைகளும் இதே தொழிலைச் செய்தன. பாடசாலை ஆண்டு ஏறத்தாழ 180 நாள்களைக் கொண்டதாகலின் ஒரு மாணவன் ஆண்டொன்றுக்கு 180 டொலர் வரை செலுத்தவேண்டியிருந்தது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பின் அச்செலவு மும்மடங்காகும். 2012இற் புறொங்ஸ் பகுதியில் இத்தகைய வண்டியொன்று கொள்ளையிடப்பட்டு மாணவரின் கைத்தொலைபேசிகள் பறிபோயின.

இதனைச் செலுத்தியவர் யாவர் என்பதே இவ்வரலாற்றின் நடுநாயகமான செய்தி. சோதனைக் கருவிகள் எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கவில்லை. கறுப்பின மாணவரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவரும், அவருள்ளும் வறியோர், மிகுதியாகக் கற்ற பாடசாலைகளிலேயே அவை இருந்தன. வசதிமிக்க பகுதிப் பாடசாலைகளிற் பழைய எழுதா விதியே தொடர்ந்தது. அம்மாணவர் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே சென்றனர். விதி எழுத்தில் அனைவருக்கும் ஒன்றாகவே இருந்தது. அதன் விலையை மட்டும் வறியோர் பிள்ளைகள் செலுத்தினர். கற்பித்தலைக் காப்பதற்காக எழுந்ததெனக் கூறப்பட்ட தடை, நடைமுறையில் ஒருசாரார்க்குப் பாடசாலை வாயில் வரியாக மாறிற்று என்பது மிகைக் கூற்றாகாது.

2013ஆம் ஆண்டு தேர்தலில் இத்தடையை நீக்குவதாக வாக்களித்த பில் டி பிளாசியோ வெற்றிபெற்றார். அவர்தம் பிள்ளைகளும் அந்நகரப் பொதுப் பாடசாலைகளிற் கற்றவர்கள். ஆட்சியாளராக மட்டுமன்றிப் பெற்றாராகவும் அவர் இவ்விடயத்திற் பேசினார். 2015ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் தடை நீங்கியது. கைத்தொலைபேசியை வாயிலில் வாங்கி வைப்பதா, உணவு இடைவேளையில் அனுமதிப்பதா, பாடத்திற்குப் பயன்படுத்துவதா என்பதை ஒவ்வொரு பாடசாலையும் தன் அதிபர், ஆசிரியர், பெற்றார் ஆகியோருடன் கலந்து தீர்மானிக்கலாம் என்பது புதிய விதி. வண்டிகள் மறைந்தன. ஆயின் முடிவு பாடசாலையின் கைக்கு வந்த இவ்வேளையிற் கருவி முன்னைய கருவியாக இருக்கவில்லை. 2007இல் 'ஐபோன்' வெளிவந்ததன் பின்னர் கைத்தொலைபேசி என்னும் பெயர் மட்டுமே எஞ்சியது. 2006இல் வாயிலிற் பறிக்கப்பட்டது பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் உதவிய கருவி. 2015இல் அனுமதிக்கப்பட்டதோ நிழற்படக் கருவியும், திரையரங்கும், விளையாட்டரங்கும், ஊர்ச்சந்தையும் ஒன்றாய்த் திரண்ட பொருள்.

கருவியின் இம்மாற்றம் ஆசிரியரின் சட்டநிலையையும் சிக்கலாக்கியது. மாணவனிடமிருந்து அதனைக் கைப்பற்றிய ஆசிரியர் அதனைத் திறந்து பார்க்கலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல், சிகரற் தேடி மாணவியொருத்தியின் கைப்பையைச் சோதித்த வழக்கில், நியாயமான ஐயம் இருப்பின் பாடசாலை அலுவலர் தேடலாம் எனத் தீர்ப்பளித்திருந்தது. கைப்பைக்குப் பொருந்திய அத்தீர்ப்பு கைத்தொலைபேசிக்கு அப்படியே பொருந்தவில்லை. 2013இற் கென்டக்கி மாநில வழக்கொன்றில், வகுப்பிற் செய்தி அனுப்பினான் என்பதற்காகக் கைப்பற்றிய கருவியிலுள்ள செய்திகளைப் படிப்பதற்கு அக்காரணம் போதாது என மேன்முறையீட்டு மன்று கூறிற்று. கைப்பற்றும் அதிகாரம் வேறு, படிக்கும் அதிகாரம் வேறு என்பது இதன் பொருள். இங்கிலாந்து 2006ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமொன்றிலே, முறைப்படி பறிமுதல் செய்த ஆசிரியரை வழக்கிலிருந்து காக்கும் பிரிவைச் சேர்த்தது. பிரான்சு 2010இற் பாட வேளைகளிற் பயன்பாட்டைத் தடுத்தது. 2018ஆம் ஆண்டு ஓகத்துச் சட்டம் அத்தடையைக் கீழ்வகுப்புப் பாடசாலைகளின் வளவு முழுமைக்கும் விரித்ததோடு, பாடசாலை அலுவலர் பறிமுதல் செய்யலாம் என்பதையும் வெளிப்படையாக எழுதிவைத்தது. அதுவரை பிரெஞ்சு ஆசிரியர் தம் துணிவையே சட்டமாகக் கொண்டு பறிமுதல் செய்து வந்தனர் எனலாம்.

தடையாற் கல்வி உயர்ந்ததா என்பதற்கு ஆய்வுகள் ஒருமுகமாக விடை தரவில்லை. இங்கிலாந்தின் நான்கு நகரங்களைச் சார்ந்த 91 பாடசாலைகளை ஆராய்ந்து பீலன்ட், மர்பி ஆகிய இருவரும் 2015இல் வெளியிட்ட முடிவின்படி, தடைக்குப் பின் பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தன. அவ்வுயர்வு பின்தங்கிய மாணவரிடையே மிகுதியாகவும், முன்னணி மாணவரிடையே இல்லையெனத்தக்கதாகவும் இருந்தது. இதே முறையைப் பின்பற்றிச் சுவீடனில் நிகழ்த்தப்பட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு எவ்வித உயர்வையும் காணவில்லை. முன்னைய முடிவை நியூயோர்க் அனுபவத்துடன் இணைத்து நோக்குமிடத்து முரணொன்று புலனாகின்றது. தடையால் அதிகம் நன்மை பெறத்தக்கவர் பின்தங்கிய மாணவர் எனின், நியூயோர்க்கில் அந்நன்மைக்கு நாளொன்றுக்கு ஒரு டொலர் வீதம் விலை கேட்கப்பட்டவர்களும் பெரும்பாலும் அவர்களேயாவர்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவ்விவாதம் ஒரே வாரத்திலே தலைகீழாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட, வாயிலிற் பறித்த கருவியே வகுப்பறையாயிற்று. நியூயோர்க் நகர நிருவாகமே இணைய வசதியுடைய கருவிகளை இலட்சக்கணக்கில் மாணவர்க்கு வழங்கியது. 1989இலேயே தென்னாசியாவில் முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய இலங்கையிலும் அதே மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. 'வட்ஸ்அப்' குழுக்கள் வாயிலாகப் பாடக் குறிப்புகள் அனுப்பப்பட்டன. இங்கு அரசு கருவி வழங்கும் நிலையில் இருக்கவில்லை. ஆசிரியர் தம் சொந்தக் கைத்தொலைபேசியையும் தாமே பணங்கொடுத்து வாங்கிய இணையத் தரவையும் கொண்டு கற்பித்தனர். மலைப்பாங்கான கிராமங்களிலே சைகை கிட்டும் இடந்தேடி மாணவர் பாறைகளிலும் மரங்களிலும் ஏறினர். ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி இருந்து, அதுவும் தந்தையாருடன் வேலைக்குச் சென்றுவிட்டால், அப்பிள்ளைக்கு வகுப்பு மாலையிலேதான் தொடங்கும். 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபொழுது, நாட்டின் கல்வி எவ்வளவு தூரம் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்த கருவியில் தங்கியிருந்தது என்பது வெளிப்பட்டது.

பாடசாலைகள் மீளத் திறந்தபின், திரையைக் கைவிட இயலாத மாணவரையே ஆசிரியர் எதிர்கொண்டனர். யுனெஸ்கோ நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்தபொழுது உலக நாடுகளுள் நான்கில் ஒன்றுக்கும் குறைவானவையே பாடசாலைகளில் இக்கருவியைத் தடுத்திருந்தன. அதன்பின் தடைகள் விரைந்து பெருகின. பிரேசில் 2025 சனவரியிற் சட்டமியற்றியது. தென்கொரியப் பாராளுமன்றம் அதே ஆண்டு ஓகத்தில், 2026 மார்ச் முதல் நடைமுறைக்கு வருமாறு சட்டம் நிறைவேற்றியது.

நியூயோர்க்கும் மீண்டும் தடைக்குத் திரும்பியது. இம்முறை நகரம் மட்டுமன்றி மாநிலம் முழுவதும் 2025 செத்தெம்பர் முதல், பாடசாலை தொடங்கும் மணியிலிருந்து முடியும் மணிவரை, இணைய வசதியுள்ள கைத்தொலைபேசிகள் தடுக்கப்பட்டன. ஆளுநர் கதி ஹோக்குலின் காலத்தில் ஆக்கப்பட்ட இவ்விதியைப் பழைய தடையுடன் ஒப்பிடுவோர் சில வேறுபாடுகளைக் காண்பர். கருவிகளை வைக்கும் வசதியைப் பாடசாலையே அளித்தல் வேண்டும். அதற்கென மாநிலம் 135 இலட்சம் டொலர் ஒதுக்கியது. கைத்தொலைபேசி பயன்படுத்தினான் என்பதற்காக மட்டும் ஒரு மாணவனை இடைநிறுத்தலாகாது. உள்ளூர் விதிகளை ஆக்கும்பொழுது ஆசிரியர், பெற்றார், மாணவர் ஆகியோரைக் கலந்தாலோசித்தல் வேண்டும். இணைய வசதியற்ற எளிய கைத்தொலைபேசிகள் இத்தடையிலிருந்து விலக்கப்பட்டன. 2006இற் சீருடையாளர் வாயிலில் நின்று பறித்தவை பெரும்பாலும் அத்தகைய கருவிகளேயாகும். பகற்பொழுதிற் பிள்ளையுடன் தொடர்புகொள்ளப் பெற்றார்க்கு ஒரு வழியைப் பாடசாலை வகுத்துக் கொடுத்தல் வேண்டும் என்பதும் விதி. அவசரமாகப் பேசவேண்டிய தாயொருத்தி கைத்தொலைபேசிக்கு முந்திய காலத்திற் செய்தது போலவே பாடசாலை அலுவலகத்தை அழைக்க, அங்கிருந்து ஒருவர் வகுப்பறைக்குச் சென்று பிள்ளையை அழைத்துவரும் நிலை மீண்டும் தோன்றியது.